வாசகர் கேள்வி – பதில்: வகுப்பறையில் ஓவியக் கோப்பு

பிள்ளைகளின் ஓவியங்களை எதில் போட்டு, எங்கே, எப்படிச் சேர்த்துவைப்பது என்று கேட்டு ஆசிரியர்களும் பெற்றோரும் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் விடை தருகிறோம். கடையில் கிடைக்கும் சாதாரண சார்ட்டின் அளவு 56 × 71 செ.மீ. (22 × 28 அங்குலம்) என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறோம். உங்கள் ஊர் சார்ட் அரை அங்குலம் கூடக் குறைய இருக்கலாம். வெட்டுவதற்கு முன் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டாம் வகுப்பில் 38 பிள்ளைகள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கக் கட்டுப்படியாகாது. சார்ட்டிலேயே கோப்பு செய்ய முடியுமா? – ஆசிரியை, பேராவூரணி

முடியும். ஏ4 தாளுக்கான கோப்பு என்றால் ஒரு சார்ட்டில் இரண்டு வரும். உங்களுக்கு 19 சார்ட் தேவை. வெட்டில் வீணாவதற்காக இன்னும் ஒன்றிரண்டு சேர்த்து வாங்குங்கள்.

சார்ட்டின் 71 செ.மீ. பக்கத்தைச் சரிபாதியாக வெட்டினால் 56 × 35.5 செ.மீ. துண்டுகள் இரண்டு கிடைக்கும். ஒரு துண்டை 56 செ.மீ. பக்கம் குறுக்கே இருக்கும்படி மேசையில் வையுங்கள். கீழ் ஓரத்திலிருந்து 4.5 செ.மீ. உயரத்தில் இடமிருந்து வலமாக ஒரு கோடு போடுங்கள். நடுவில், அதாவது 28 செ.மீ.யில், மேலிருந்து கீழாக இன்னொரு கோடு. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேலை ஒட்டி அழுத்தி இழுத்து இரண்டு கோடுகளிலும் தடம் பதியுங்கள். தடம் பதியாமல் மடித்தால் மடிப்பு கோணிக்கொள்ளும். சில மாதங்களில் அந்த இடமே கிழியும்.

அடுத்தது பலரும் விட்டுவிடுகிற வேலை. கீழ்ப் பட்டையில் நடுக்கோடு வந்து சேரும் இடத்தில் இருபுறமும் ஒரு செ.மீ. விட்டு, தலைகீழ் 'வி' போல ஒரு துண்டை வெட்டி எடுங்கள். இதைச் செய்யாவிட்டால் கோப்பை மூடும்போது இரண்டு மடிப்புத் தாளும் ஒரே இடத்தில் குவிந்து புடைக்கும். இப்போது பட்டையை உள்பக்கமாக மடித்து, இடது வலது ஓரங்களில் மட்டும் 1.5 செ.மீ. அகலத்துக்கு ஃபெவிகால் தடவி ஒட்டுங்கள். பட்டை முழுவதும் பசை போட்டால் பை கிடைக்காது. பசை காய்ந்ததும் நடுவில் மடித்தால் 28 × 31 செ.மீ. கோப்பு தயார். 29.7 செ.மீ. உயரமுள்ள ஏ4 தாள் பைக்குள் நின்று, மேலே ஒரு செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் இருக்கும்.

ஸ்டேப்ளர் பின் வேண்டாம். உங்கள் பக்கத்துக் கடல்காற்றுக்கு ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து, அந்தக் கறை ஓவியத்தில் இறங்கும். செல்லோ டேப்பும் வேண்டாம். அது மஞ்சளாகி, பசை கசிந்து, தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

ஏ3 தாளுக்கு முழு சார்ட் ஒன்று ஆளுக்கு வேண்டும். 71 செ.மீ. பக்கம் குறுக்கே இருக்கட்டும். கீழே 10 செ.மீ. மடியுங்கள், நடுவில் மடித்தால் 35.5 × 46 செ.மீ. கோப்பு வரும். மற்ற வேலையெல்லாம் மேலே சொன்னபடிதான்.

அட்டையில் பெயரோடு வருகைப் பதிவேட்டு எண்ணையும் எழுதுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்கு ஒரு படக்குறியும் கொடுங்கள்: குடை, மயில், சைக்கிள், பூசணிக்காய் என்று ஆளுக்கொன்று. குறி வலது மேல் மூலையில் இருந்தால் கோப்புகள் அடுக்கில் இருக்கும்போதே தெரியும். பிள்ளை தானே எடுத்து, தானே வைக்கும். 38 கோப்பையும் நீங்களே எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தால் இரண்டே வாரத்தில் இந்த வேலையே நின்றுபோகும்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு மூன்று நான்கு வருடம் தாங்கும் கெட்டி அட்டைக் கோப்பு செய்வது எப்படி? போன வருடம் செய்தவை எல்லாம் அப்பளம்போல வளைந்துவிட்டன. – ஓவிய ஆசிரியர், திண்டுக்கல்

வளைந்ததற்குக் காரணம், அட்டையின் வெளிப்பக்கத்தில் மட்டும் பிரவுன் தாள் ஒட்டியதாகத்தான் இருக்கும். பசை பட்ட தாள் ஈரத்தில் விரியும், காயும்போது சுருங்கும். சுருங்கும்போது அட்டையையும் தன் பக்கம் இழுக்கும். உள்பக்கத்திலும் அதே வகைத் தாளை அதே நாளில் ஒட்டினால் இரண்டு இழுப்பும் சமமாகி அட்டை நேராக நிற்கும்.

ஏ3 கோப்புக்கு 2 மி.மீ. மில் போர்டில் (பைண்டிங்குக்குப் போடும் கெட்டி அட்டை) 34 × 46 செ.மீ. துண்டு இரண்டு வேண்டும். பைண்டிங் கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். கத்தியால் நேராக வெட்டுவது சிரமம், பிள்ளைகள் கையில் கொடுக்கிற வேலையும் இல்லை. முதுகுக்கு பைண்டிங் துணி (காலிகோ) 11 × 52 செ.மீ. ஒரு துண்டு, உள்பக்கத்துக்கு 10 × 45 செ.மீ. ஒரு துண்டு. கட்டுவதற்கு ஒரு செ.மீ. அகலமுள்ள பருத்தி நாடா, 30 செ.மீ. நீளத்தில் ஆறு.

இரண்டு அட்டைக்கும் நடுவே 3 செ.மீ. இடைவெளி விட்டுப் பெரிய துணியை ஒட்டுங்கள். ஒவ்வொரு அட்டையின் மேலும் 4 செ.மீ. துணி ஏறும். மேலும் கீழும் மிஞ்சும் 3 செ.மீ.யை உள்ளே மடித்து ஒட்டிவிட்டு, உள்துணியை ஒட்டுங்கள். ஈரம் காயுமுன் இடைவெளியில் விரல்நகத்தால் துணியை அட்டை விளிம்போடு அழுத்தித் தேயுங்கள். அந்த விளிம்புதான் கீல். அங்கே துணி தளர்ந்தால் கோப்பு ஆடும். இடைவெளியை ஒரு செ.மீ. மட்டும் விட்டால் பத்துத் தாள் சேர்ந்ததுமே கோப்பு மூடாது.

நாடாவை உள்தாள் ஒட்டுவதற்கு முன்பே கோத்துவிடுங்கள். முதுகைத் தவிர்த்த மூன்று பக்கங்களிலும், விளிம்பிலிருந்து 2 செ.மீ. உள்ளே, அட்டைக்கு மூன்று துளைகள். நாடாவின் நுனி 3 செ.மீ. அட்டையின் உள்பக்கம் படிந்திருக்க ஒட்டி, அதன் மேல் உள்தாள் வர வேண்டும். முன் அட்டையின் துளைக்கு நேர் எதிரே பின் அட்டையின் துளை இருக்கிறதா என்று கோக்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபெவிகாலை மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து பிரஷால் தடவினால் தாள் சுருக்கம் விழாது. மைதாப் பசை மலிவுதான், ஆனால் பூச்சிக்கு அது விருந்து. பைண்டர்கள் அதில் மயில்துத்தம் கலப்பதுண்டு. மயில்துத்தம் விஷம், பிள்ளைகள் கைபடும் கோப்பில் அதைச் சேர்க்காதீர்கள். வேலை முடிந்ததும் இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, மேலே பத்துக் கிலோ பாரம் ஏற்றி ஒரு முழு நாள் விடுங்கள். அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தால் மறுபடியும் வளையும்.

கேள்வி: பீரோ இல்லை. அறையும் இரண்டு வகுப்புக்குப் பொது. 40 கோப்பை எங்கே வைப்பது? – இடைநிலை ஆசிரியை, திருத்துறைப்பூண்டி

முதலில், எங்கே வைக்கக் கூடாது என்பது. பரண் வேண்டாம். ஓட்டுக்கூரைக்கோ தகரத்துக்கோ அடியில் வெக்கை அதிகம், ஒழுக்கும் அங்கேதான் தொடங்கும். வெறும் தரையும் வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் சுவர் ஊறி நிற்கும்.

காய்கறிக் கடைகளில் பார்க்கும் பிளாஸ்டிக் கிரேடு நல்ல தீர்வு. நான்கு புறமும் ஓட்டை இருப்பதால் காற்று ஓடும், கரையான் அரிக்காது, தூக்கிப்போகக் கைப்பிடியும் இருக்கிறது. சுமார் 60 × 40 செ.மீ. அளவுள்ள கிரேடில் ஏ4 கோப்புகளைப் புத்தகம்போல நிறுத்திவையுங்கள். பத்துக் கோப்புக்கு ஒரு தடுப்பு அட்டை செருகுங்கள். தடுப்பு இல்லாவிட்டால் கோப்புகள் சரிந்து, சரிந்தபடியே வளைந்து நின்றுவிடும். நான்கு செங்கல் மேல் கிரேடை வைத்து, சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளி நிறுத்துங்கள். இரண்டு வகுப்புக்கும் பொது அறை என்றால் கிரேடுக்கு வகுப்புக்கொரு நிறத் துணியைக் கட்டிவிட்டால் குழப்பம் வராது.

ஏ3 கோப்பு நிறுத்தினால் மடங்கும், படுக்கவைக்க வேண்டும். ஆனால் 40 கோப்பையும் ஒரே அடுக்காக வைக்காதீர்கள். சார்ட் கோப்பும் அதற்குள் 15 தாளும் சேர்ந்து 300 கிராமைத் தாண்டும். அப்படியானால் அடிக் கோப்பின் மேல் 12 கிலோ வரை பாரம் உட்காரும். சித்திரை வெயிலில் அந்தப் பாரத்துக்கு ஆயில் பேஸ்டல் அடுத்த தாளில் ஒட்டிக்கொள்ளும். பத்துப் பத்தாகப் பிரித்து, பலகைத் தட்டிலோ பெஞ்சின் கீழ்ச் சட்டத்திலோ வையுங்கள். அடிக் கோப்பு எடுப்பதற்கு மேலிருப்பதையெல்லாம் பிள்ளைகள் இழுத்துப்போடுவதும் இதனால் குறையும்.

கேள்வி: ஆயில் பேஸ்டல் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, முகமெல்லாம் ஈஷிக்கொள்கின்றன. போஸ்டர் கலர் படங்களில் நிறம் பொரிந்து உதிர்கிறது. என்ன செய்யலாம்? – ஓவிய ஆசிரியை, மதுரை

இரண்டுக்கும் நோய் வேறு. ஆயில் பேஸ்டலில் இருப்பது உலராத எண்ணெயும் மெழுகும். எத்தனை நாள் காயப்போட்டாலும் அது காயாது. ஆகவே ஒவ்வொரு படத்தின் மேலும் பட்டர் பேப்பர் ஒன்று போட வேண்டும். பட்டர் பேப்பரின் மேல் ஓரத்தை மட்டும் படத்தின் பின்பக்கமாக ஒரு செ.மீ. மடித்து ஒட்டிவிடுங்கள். ஒட்டாமல் வெறுமனே வைத்தால் தாள் நகர்ந்து, காப்பதற்குப் போட்டதே நிறத்தைத் தேய்க்கும். செய்தித்தாள் போட்டால் அதன் மை படத்தில் ஏறும். பாலித்தீன் உறை போட்டால் வெக்கையில் நிறம் உறையில் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு படங்களை முகத்தோடு முகம் பார்க்கவைப்பது எந்த நிலையிலும் கூடாது.

போஸ்டர் கலர் உதிர்வதற்குக் காரணம் தடிமன். அதில் நிறத்தைத் தாளோடு பிடித்து நிறுத்துவது கோந்து. டப்பாவிலிருந்து அப்படியே அள்ளிப் பூசினால், மேல்படலம் காய்ந்து சுருங்கும்போது விரிசல் விடும்; தாளை வளைத்ததும் பொரிந்து விழும். தயிர் பதத்துக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கி, முதல் பூச்சு காய்ந்த பிறகே இரண்டாவது பூச்சு என்று பழக்குங்கள். தாளும் முக்கியம். மெல்லிய நோட்டுத் தாள் ஈரத்தில் சுருங்கி நிறத்தைத் தள்ளிவிடும், 140 ஜி.எஸ்.எம்.முக்குக் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) குறையாத டிராயிங் தாள் வேண்டும். வரைந்து முடித்ததும் கொடிக்கயிற்றில் மாட்டினால் நிறம் வழியும். அரை மணி நேரம் தரையில் படுக்கவைத்து, பளபளப்புப் போன பிறகு கிளிப் போட்டு மாட்டுங்கள். கோப்புக்குள் போவது மறுநாள்தான். மழைக்காலத்தில் இரண்டு நாள் ஆகட்டும்.

கரித்துண்டு, சாக்பீஸ் வண்ணங்களுக்கு ஃபிக்ஸேட்டிவ் (நிறம் உதிராமல் நிறுத்தும் ஸ்பிரே) அடிக்கலாம். வகுப்பறைக்கு வெளியே, பிள்ளைகள் இல்லாத நேரத்தில், ஓரடித் தூரத்திலிருந்து மெல்லிய பூச்சாக இரண்டு முறை அடியுங்கள். அதற்குப் பதிலாகத் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே வேண்டாம், அது நாளாக ஆகத் தாளை மஞ்சளாக்கும்.

கேள்வி: அரிசி, பருப்பு, பஞ்சு ஒட்டிச் செய்த படங்களையும் கோப்பில் வைக்கலாமா? – பெற்றோர், கரூர்

வைக்கக் கூடாது. வண்டு வரும், வண்டுக்குப் பிறகு எலி வரும். ஒரு பருப்புப் படம் பக்கத்துக் கோப்புகளையும் சேர்த்துக் கெடுக்கும். படம் பிடித்துக்கொண்டு, செய்த பொருளை அன்றே பிள்ளையிடம் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். இலை ஒட்டுவதாக இருந்தால், பச்சை இலையைச் செய்தித்தாளுக்குள் வைத்து இரண்டு வாரம் பாரம் ஏற்றி உலர்த்த வேண்டும். முதல் நான்கைந்து நாள் செய்தித்தாளைத் தினமும் மாற்ற வேண்டும். பச்சையாக ஒட்டிய இலையில் பூஞ்சை பிடிக்கும். இலையில் வண்ணம் தடவித் தாளில் அச்செடுப்பது இதைவிட நல்லது, கோப்பிலும் சமர்த்தாக இருக்கும்.

கேள்வி: வாரம் இரண்டு ஓவிய வகுப்பு. வருடக் கடைசியில் ஆளுக்கு 60 தாள் சேர்ந்துவிடுகிறது. எதை வைப்பது, எதை அனுப்புவது? நல்ல படங்களை மட்டும் வைத்தால் போதுமா? – ஆசிரியர், செங்கல்பட்டு

நல்ல படங்களை மட்டும் சேர்த்தால் அது கண்காட்சி. கோப்பு எதற்கென்றால், ஒரு பிள்ளையின் கண்ணும் கையும் ஜூனில் எங்கே இருந்தன, ஏப்ரலில் எங்கே வந்து நிற்கின்றன என்று பார்ப்பதற்கு. வருடத்துக்கு 12 தாள் அதற்குத் தாராளம்.

பருவத்துக்கு நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பருவ முடிவில் ஒரு பாடவேளை ஒதுக்கி, பிள்ளைகள் தங்கள் தாள்களைத் தரையில் பரப்பட்டும். தனக்குப் பிடித்தது ஒன்று, தன்னைத் திணறவைத்தது ஒன்று என்று இரண்டைப் பிள்ளை எடுக்கும். மூன்றாவதை நீங்கள் எடுங்கள். நான்காவது, பொதுப் பயிற்சி: ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஒரே தலைப்பு, ஒரே அளவுத் தாள், ஒரே கருவி, ஒரே நேரம். 'நானும் என் வீட்டாரும்' என்று ஏ4 தாளில், பென்சிலால், 30 நிமிடம். ஜூனில் வரைந்ததைக் காட்டாமலே அக்டோபரிலும் ஜனவரியிலும் வரையச் சொல்லுங்கள். பிறகு மூன்றையும் வரிசையாக வையுங்கள்.

அந்த மூன்றும் பேசுகிற அளவுக்கு மற்ற எதுவும் பேசாது. ஐந்தாறு வயதில் ஆள், வீடு, நாய் எல்லாம் தாளில் மிதந்துகொண்டிருக்கும். ஏழு வயதை ஒட்டித் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு வரும், எல்லாம் அதன் மேல் வந்து நிற்கும், வானம் மேலே ஒரு நீலப் பட்டையாக இருக்கும். சுவருக்குள்ளே அடுப்படியில் அம்மா தெரிவார். சுவர் கண்ணாடிபோல இருக்கும். தனக்கு முக்கியமானவர் பெரிதாக இருப்பார். இன்னும் ஒன்றிரண்டு வருடம் போனால் ஒரு பொருள் இன்னொன்றை மறைப்பதைப் பிள்ளை வரையத் தொடங்கும். விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வி அறிஞர் இந்தப் படிகளை விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே, சுவருக்குள் அம்மா தெரிகிறாரே என்று அந்தத் தாளை ஒதுக்காதீர்கள். கோப்பில் முதலில் போக வேண்டிய தாள் அதுதான்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரப் பள்ளிகளும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 'புராஜெக்ட் ஜீரோ' குழுவும் 1985-ல் கைகோத்துத் தொடங்கிய 'ஆர்ட்ஸ் ப்ரொபெல்' திட்டத்தில், முடிந்த படத்தோடு முதல் கிறுக்கல், பாதியில் விட்டது, மாற்றி வரைந்தது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்தார்கள். நம் மேல்நிலை வகுப்புகளுக்கு இது அப்படியே பொருந்தும். ஒரு நிலைப்பொருள் ஓவியத்தோடு அதன் மூன்று சிறு வரைவுகளைப் பின்னால் கோத்துவைத்தால், மாணவர் எந்த இடத்தில் என்ன முடிவெடுத்தார் என்பது தெரியும்.

ஒன்றைக் கண்டிப்பாகத் தவிருங்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஒரு தென்னை என்று கரும்பலகையைப் பார்த்து 40 பேரும் வரைந்த படத்தில் எந்தப் பிள்ளையும் இல்லை. அதை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

தாளின் பின்பக்கம், 2பி பென்சிலால், கீழ் மூலையில்: பெயர், வகுப்பு, தேதி, எதால் வரைந்தது. பேனா முன்பக்கம் ஊறும், தடமும் விழும். தேதி இல்லாத தாள் கோப்புக்குப் பயன்படாது. வரைந்த அன்றே போட்டுவிடுங்கள், பிறகு யாருக்கும் நினைவிருக்காது. அதற்குக் கீழே பிள்ளை சொன்ன ஒரு வரி. எழுதத் தெரியாத பிள்ளைக்கு நீங்கள் எழுதுங்கள், அது சொன்னபடியே: "இது எங்க அம்மாச்சி வீடு. மழ பேஞ்சா ஒழுகும், அதான் குடம் வச்சிருக்கு." இதைப் புத்தகத் தமிழில் திருத்தினால் பிள்ளையின் குரல் போய்விடும்.

கேள்வி: வளரறி மதிப்பீட்டுக்காகப் படத்தின் மேலேயே மதிப்பெண்ணும் கையெழுத்தும் போடுகிறோம். பார்வையிட வருபவர்களுக்கும் அது தெரிய வேண்டியிருக்கிறது. இது சரியா? – தலைமையாசிரியை, விருத்தாசலம்

படத்தின் முகத்தில் எதுவும் எழுதக் கூடாது, சிவப்பு மையில் நிச்சயமாகக் கூடாது. தமிழ்நாட்டில் 2012–13-ல் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே செய்வது) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ முடிவில் தேர்வாக வைப்பது) 60 மதிப்பெண் என்று பிரித்தார்கள். அந்த 40-க்குச் சான்றாகப் பிள்ளைகளின் படைப்புகள் சேரத் தொடங்கின. சான்று கேட்பதில் தவறில்லை. கோப்பின் உள் அட்டையில் ஒரு தாளை ஒட்டி, தேதி, தலைப்பு, ஆசிரியர் குறிப்பு, கையெழுத்து என்று நான்கு கட்டம் போட்டுவிடுங்கள். வருபவர் அந்த ஒரு தாளைப் பார்த்தால் போதும்.

குறிப்பில் 'நன்று', 'மிக நன்று' என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. 'முதல்முறையாக ஆளைப் பக்கவாட்டில் வரைந்திருக்கிறாள்', 'பச்சையில் மஞ்சள் கலந்து மூன்று வகை இலை நிறம் எடுத்திருக்கிறான்' என்று கண்ணில் பட்டதை எழுதுங்கள். ஒரு பருவத்துக்குப் பிள்ளைக்கு ஒரு குறிப்பு என்றாலும் போதும், அது உண்மையாக இருக்கட்டும்.

கேள்வி: ராமபாணப் பூச்சியும் கரையானும் தொல்லை. பாச்சை உருண்டை போடலாமா? – ஆசிரியர், புதுக்கோட்டை

பிள்ளைகள் உட்காரும் அறையில் நாஃப்தலீன் உருண்டை வேண்டாம். மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து ஒருபுறம். ஜி6பிடி என்ற நொதி (என்சைம்) பிறவியிலேயே குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு அதனால் சிவப்பணுக்கள் சிதையும் ஆபத்து மறுபுறம்.

ராமபாணத்துக்கு வேண்டியவை இருட்டு, ஈரம், மாவுப்பசை. மூன்றையும் எடுத்துவிட்டால் அது தங்காது. மாதம் ஒருமுறை கோப்புகளைத் திறந்து, ஒரு பாடவேளை நேரம் நிழலில் காற்றாட விடுங்கள். வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் ஏடுகளுக்கே பயன்பட்டவை; பொடித்துத் தூவாமல் சிறு துணிமுடிச்சாகக் கட்டி, கிரேடின் மூலையில் போட்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கரையான் வேறு கதை. அது தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் மண்குழாய் கட்டிக்கொண்டு வரும். கிரேடின் கால்பக்கம், செங்கல் பக்கம் வாரம் ஒருமுறை பாருங்கள். மண்தடம் தெரிந்தால் அன்றே கோப்புகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுத்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கேள்வி: மழையில் தண்ணீர் புகுந்து 20 கோப்பு நனைந்துவிட்டது. காப்பாற்ற வழி உண்டா? – ஆசிரியை, கடலூர்

பெரும்பாலானவற்றைக் காப்பாற்றலாம், ஆனால் கை வேகமாக இருக்க வேண்டும். நனைந்த தாளில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை தொடங்கிவிடும்.

முதலில் ஸ்கெட்ச் பேனா, வாட்டர் கலர் படங்களைப் பிரித்தெடுங்கள். நிறம் ஓடுவது அவற்றில்தான். அடுத்து போஸ்டர் கலர். பென்சில் படங்களும் ஆயில் பேஸ்டல் படங்களும் கடைசியில் வரலாம். எண்ணெய் தண்ணீரைத் தள்ளும். நனைந்த தாளை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் கிழியும். அடியில் ஒரு அட்டையைச் செருகி அட்டையோடு தூக்குங்கள். ஒட்டிக்கொண்ட இரண்டு தாளை இழுத்துப் பிரிக்காதீர்கள். பாதி காயும் வரை விட்டால் ஓரம் தானாக விடுபடும், அங்கிருந்து மெதுவாகப் பிரிக்கலாம்.

தரையில் செய்தித்தாள், அதன் மேல் பழைய வேட்டித் துணி, அதன் மேல் படம், முகம் மேலே பார்க்க. மின்விசிறியை மெதுவாக ஓட விடுங்கள். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்து, தாள் சுருளும். லேசான ஈரம் மிச்சம் இருக்கும்போதே துணிகளுக்கு நடுவே அடுக்கி, பலகை போட்டுப் பாரம் ஏற்றுங்கள். மூன்று நான்கு நாள் காலையும் மாலையும் துணியை மாற்றுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு பாரம் ஏற்றினால் சுருக்கம் போகாது. இஸ்திரிப் பெட்டி பென்சில் படத்துக்கு மட்டும், மேலே துணி போட்டு, குறைந்த சூட்டில். மெழுகுக் கிரேயான் படத்தில் வைத்தால் உருகி ஓடிவிடும்.

கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளி தெரிந்த தாளைத் தனியே உலர்த்தி, வெளியில் கொண்டுபோய், முகக்கவசம் போட்டுக்கொண்டு மெல்லிய பிரஷால் நீங்களே தட்டுங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். நனைந்த சார்ட் கோப்புகளைக் காப்பாற்ற முயல வேண்டாம், புதிதாகச் செய்துவிடுங்கள்.

கேள்வி: களிமண் பொம்மை, முழுச் சார்ட் படம் இவற்றைக் கோப்பில் எப்படிச் சேர்ப்பது? – ஆசிரியர், தென்காசி

களிமண்ணுக்குப் புகைப்படம்தான். காலை ஒன்பது, பத்து மணிக்கு வராந்தா நிழலில், பின்னால் வெள்ளை சார்ட் ஒன்றை வளைத்து நிறுத்தி, ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள். முன்னால், பக்கவாட்டில் என்று இரண்டு படம். அளவு தெரிய அருகில் ஒரு ஸ்கேல். தட்டையான படத்துக்கு, போன் தாளுக்கு இணையாக இருக்க வேண்டும். மிக அருகில் போனால் ஓரங்கள் வளையும். இரண்டடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் செய்யுங்கள். கோப்புப் பெயரில் வகுப்பு, பதிவேட்டு எண், பிறகு ஆண்டு–மாதம்–நாள் என்ற வரிசை இருந்தால் கணினி தானே காலவரிசைப்படி அடுக்கிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தரத்தைக் குறைத்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். பிள்ளையின் முகமும் முழுப்பெயரும் சேர்ந்த படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தக் குழுவிலும் போடாதீர்கள்.

முழுச் சார்ட்டை மடிக்க வேண்டாம். நான்கு அங்குல பிவிசி குழாய்த் துண்டின் மேல், வண்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்கும்படி, பட்டர் பேப்பரோடு சேர்த்துச் சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் நெருக்கப்பட்டு நொறுங்கும். ரப்பர் பேண்ட் போடாமல் அகல நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள்.

கேள்வி: என் மகளின் படங்களை லேமினேட் செய்து வைக்கலாமா? – தாய், ஈரோடு

வேண்டாம். லேமினேஷன் இயந்திரத்தின் சூடு நூறு டிகிரியைத் தாண்டும்; கிரேயானும் ஆயில் பேஸ்டலும் உருகிப் பரவும். ஒருமுறை ஒட்டினால் பிரிக்கவும் முடியாது. சுவரில் மாட்ட ஆசை என்றால் ஒரு நகலெடுத்து அதை லேமினேட் செய்யுங்கள், அசல் கோப்பில் இருக்கட்டும். அசலையே மாட்டுவதாக இருந்தால் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். ஸ்கெட்ச் பேனா நிறம் சில வாரங்களிலேயே வெளுக்கத் தொடங்கும். மாதத்துக்கு ஒரு படம் என்று மாற்றிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: வருட முடிவில் கோப்பு யாருக்கு? பள்ளிக்கா, பிள்ளைக்கா? – தலைமையாசிரியர், நாமக்கல்

பிள்ளைக்கு. தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே கோப்பு தொடர்ந்து வரட்டும். ஒவ்வொரு ஏப்ரலிலும் 12 தாளை நான்காகக் குறைத்து, மிச்சத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். ஐந்து வருடத்தில் 20 தாள், ஒரே கோப்பில் அடங்கும். குறைக்கும்போது பொதுப் பயிற்சித் தாள்களில் முதலாவதும் கடைசியும் கட்டாயம் தங்க வேண்டும். அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் ஜூன் முதல் வாரத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள். கோடை விடுமுறையில் கோப்புகள் பூட்டிய அறையில் கிடப்பதால், திறந்ததும் முதலில் காற்றாட விட வேண்டும்.

இடையில் வேறு பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழோடு கோப்பையும் பெற்றோர் கையில் கொடுங்கள். பள்ளிக்குச் சான்று தேவை என்றால் புகைப்படம் போதும். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் முன், கடைசிப் பாடவேளையில் ஒவ்வொருவரும் தன் 20 தாளையும் தேதிவாரியாகத் தரையில் பரப்பி, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்காட்டட்டும். அதற்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள். அரை மணி நேரம் போதாது.